எழுதுவதா, காட்டுவதா, கேட்க வைப்பதா? வலைப்பதிவுக்கும் பல்லூடகச் செய்திக்கும் ஒரு தொடக்கப் பாடம்

வலைப்பதிவு தொடங்க நினைப்பவர்களிடம் பேசினால் முதல் கேள்வி பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான் இருக்கும். அடுத்தது மைக். அதற்கடுத்து, வலைப்பதிவு நடத்த உதவும் தளங்களில் பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா. எதைப் பற்றி எழுதப் போகிறோம் என்ற கேள்வி வருவதற்குள் சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ட்ரைபாடும் வாங்கியாகிவிடும். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். கையில் இருக்கும் போன் இப்போதைக்குப் போதும். விஷயத்தை முதலில் பார்ப்போம், கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வலைப்பதிவு என்பது புதியது மேலே, பழையது கீழே என்று பதிவுகள் அடுக்கப்பட்ட ஓர் இணையதளம், அவ்வளவுதான். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத தனி முகவரி உண்டு. இதன் அருமை முகநூலில் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். அங்கே போட்ட நல்ல பதிவு ஒரு வாரத்தில் எங்கோ கீழே போய்விடும், எழுதியவரே தேடினாலும் கிடைக்காது. வலைப்பதிவில் எழுதியதை இரண்டு வருடம் கழித்தும் யாரோ ஒருவர் கூகுளில் தேடி வந்து படிப்பார்.

இதன் வரலாறு நீளமானது இல்லை. பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999 இல் பிளாக்கரைக் கொண்டுவந்தது. 2003 இல் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டில் வேர்ட்பிரஸ்ஸும் வந்தது. தமிழில் எழுதுபவர்களுக்கு அப்போது பெரிய தலைவலி எழுத்துரு. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு, அது நம் கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை அமைப்பை இன்றும் வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். போனில் எழுத ஜிபோர்டு, செல்லினம் போன்ற செயலிகள் இருக்கின்றன. பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் உண்டு. முதல் வரைவுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் ஒற்று எங்கே விடுபட்டது, ஊர்ப் பெயர் எப்படிக் குழம்பியது என்று வரிவரியாகப் பார்க்காமல் வெளியிடக் கூடாது.

எந்தத் தளம் என்ற கேள்வியை இதோடு முடித்துவிடலாம். பைசா செலவில்லாமல், பராமரிப்புத் தொல்லை இல்லாமல் எழுதிப் பழக பிளாக்கர் போதும். சொந்த முகவரி, விருப்பம்போல் வடிவமைப்பு எல்லாம் வேண்டுமென்றால், கொஞ்சம் பணமும் நேரமும் இருந்தால், வேர்ட்பிரஸ். முதல் ஆறு மாதம் பிளாக்கரிலேயே இருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. எழுத வேண்டிய நேரத்தில் தளத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும் வியாதி வேர்ட்பிரஸ்ஸில் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும்.

பல்லூடகம் என்றால் ஒரே விஷயத்தை ஐந்து முறை சொல்வது இல்லை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு கட்டுரை எழுதுவார்கள். அதையே கேமராவைப் பார்த்துப் படித்து வீடியோவாகப் போடுவார்கள். அதன் ஒலியை மட்டும் பிரித்து பாட்காஸ்ட் என்பார்கள். அதே வரிகளைப் படத்தின்மேல் ஒட்டி இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். இது விநியோகம். பல்லூடக இதழியல் வேறு. ஒரு செய்தியில் எந்தப் பகுதியை எழுத்து நன்றாகச் சொல்லும், எதைப் படம் சொல்லும், எதைக் காதால் கேட்டால்தான் விளங்கும் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஊடகத்திடம் கொடுப்பதுதான் அது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் திரும்ப வரக் கூடாது.

இன்னொரு கோட்டையும் முன்கூட்டியே போட்டுவிடலாம். கருத்தை வீட்டில் உட்கார்ந்தபடி எழுதலாம். செய்திக்கு வெளியே போக வேண்டும், சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும், கேட்டதைச் சரிபார்க்க வேண்டும். வலைப்பதிவில் இரண்டுக்குமே இடம் உண்டு. எது எது என்று படிப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்

'சமூகம், சினிமா, அரசியல், ஆன்மிகம், சமையல்' என்று முகப்பில் எழுதிவைத்திருக்கும் வலைப்பதிவுகள் பெரும்பாலும் பத்துப் பதிவோடு நின்றுவிடுகின்றன. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் நிலைக்கிறார்கள். மழைக்காலத்தில் சென்னைக்காரர்கள் வானிலை ஆய்வு மையம் சொல்வதோடு, 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் என்ன சொல்கிறார் என்றும் பார்க்கிறார்கள். மழை மேல் உள்ள ஆர்வத்தில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர் அவர். மழை என்ற ஒன்றை விடாமல் பிடித்ததால் வந்த பெயர் அது.

பேரிடர் நேரத்தில் இந்த ஊடகத்தின் பலம் நன்றாகவே தெரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்திய வலைப்பதிவர்கள் சிலர் கைகோத்து பிளாக்கரில் ஒரு கூட்டுப் பதிவைத் தொடங்கி, உதவி எண்கள், நிவாரணத் தேவைகள், காணாமல் போனவர்கள் பற்றிய தகவல்களைத் திரட்டினார்கள். 2015 வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல், 1878 இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே சாப்பாடு கிடைக்கும், யாரிடம் படகு இருக்கிறது என்பதெல்லாம் அந்த நாட்களில் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் கூகுள் விரிதாள்களிலும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படிப்பட்ட நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. பெரிய பத்திரிகை ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நிருபரை அனுப்பாது. உங்கள் வார்டில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் எத்தனை மாதமாகத் திறந்துகிடக்கிறது என்று தேதியும் படமும் போட்டுத் தொடர்ந்து எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. அந்த வேலைக்கு ஒப்பந்தத் தொகை எவ்வளவு, எப்போது முடிக்க வேண்டும் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது 2005 ஆம் ஆண்டுச் சட்டம். பத்திரிகையாளர் அடையாள அட்டை வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

வட சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. இந்தத் தடைக்காலம் பற்றி ஒரு பதிவு போட வேண்டும், சரி. எதை எதில் சொல்வது?

தடை ஏன், யாருக்கு, எவ்வளவு நாள், அரசு தரும் நிவாரணம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு விடுபடுகிறது என்பதெல்லாம் எழுத்தின் வேலை. விதியையும் காரணத்தையும் விளக்குவதில் எழுத்தை அடிக்க ஆள் இல்லை. இதை வீடியோவில் சொன்னால் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு துறைமுகம் முழுக்க நிற்பதை எவ்வளவு எழுதினாலும் கண்முன் கொண்டுவர முடியாது. அதற்கு ஒரு புகைப்படம். உயரமான இடத்திலிருந்து எடுத்த அகலமான ஒரே படம்.

வலை பழுதுபார்க்கும் கைகளுக்கு வீடியோ. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதை அசையும் படம்தான் காட்டும். ஆனால் நிமிடக்கணக்கில் வேண்டாம், 40 நொடி போதும்.

படகில் பலகையைத் தட்டிப் பொருத்தும் சத்தம், பின்னால் எங்கோ ஒலிக்கும் பழைய பாட்டு, தடையில்லாத நாட்டுப்படகில் வந்த கொஞ்சம் மீனுக்கு நடக்கும் ஏலக்குரல், இதெல்லாம் ஒலி. கண்ணை மூடிக் கேட்டால் அந்த இடத்துக்கே போன மாதிரி இருக்கும். புதிதாக வருபவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான். எல்லோரிடமும் கேமரா புத்தி இருக்கிறது, காதைத் தீட்டிக்கொண்டு போகிறவர்கள் குறைவு.

தடைக்காலத்தில் வஞ்சிரம் விலை ஏறுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு ஏறுகிறது? இங்கே எண்களுக்கு வேலை வருகிறது. மார்ச் முதல் ஜூலை வரை ஒவ்வொரு ஞாயிறும் போய் விலை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில், ஒரே பகுதியில், ஏறக்குறைய ஒரே அளவு மீனுக்குக் கேட்க வேண்டும். விடிகாலை ஏல விலையையும் பத்து மணிச் சில்லறை விலையையும் கலந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. வஞ்சிரத்தோடு சங்கராவையும் நெத்திலியையும் சேர்த்துக் குறித்தால், எந்த மீன் விலை ஏறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்பதும் தெரியும். அந்த எண்களை டேட்டாராப்பர் என்ற இலவசக் கருவியில் போட்டால் கோட்டு வரைபடம் தயார். நிலப்படமா? வேண்டாம். காசிமேடு எங்கே இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியும். இருக்கிறதே என்பதற்காக எல்லாக் கருவியையும் இறக்கக் கூடாது.

இவ்வளவையும் கிளம்புவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், திரும்பி வந்த பிறகு "ஐயோ, வலையை எடுக்கவே இல்லையே" என்று தவிக்க வேண்டாம்.

படம், ஒலி: போனை வைத்தே

வீடியோ எடுக்கப் பழக ஐந்து காட்சி முறை என்று ஒன்று உண்டு. வலை கட்டுபவரையே வைத்துச் சொல்கிறேன். முதலில் கைகள் மட்டும், மிக அருகில். அடுத்து முகம். பிறகு அவரும் சுற்றியுள்ள இடமும் சேர்ந்த அகலக் காட்சி. நான்காவது, அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவர் பார்ப்பதையே காட்டுவது. ஐந்தாவது, யாரும் எதிர்பார்க்காத ஒரு கோணம், தரையோடு தரையாக, அல்லது வலைக் கண் வழியாக. ஒவ்வொன்றும் பத்து நொடி, கை அசையாமல். ஜூம் செய்யாதீர்கள், கிட்டே போங்கள். இந்த ஐந்தும் கையில் இருந்தால் எடிட் செய்வது எளிது. ஒரே இடத்தில் நின்று எடுத்த ஐந்து நிமிடக் காட்சியை யாராலும் வெட்ட முடியாது.

சென்னை வெயிலில் பத்து மணிக்கு மேல் முகம் கறுத்துக் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலையில் போய்விடுவது நல்லது. கடற்கரையில் எடுக்கும்போது அடிக்கடி லென்ஸைத் துடைக்க வேண்டும், உப்புக்காற்று படிந்தால் படம் மங்கலாகத்தான் வரும்.

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், ஒலி மோசமாக இருந்தால் நகர்ந்துவிடுவார்கள். பணம் செலவழிப்பதென்றால் முதலில் ஒரு காலர் மைக்குக்குச் செலவழியுங்கள். அது வாங்கும்வரை, பேசுபவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்யலாம். காற்று அடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பேட்டி முடிந்ததும் யாரையும் பேசவிடாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் வெறுமையை நிரப்ப அது கைகொடுக்கும். ஒலியை வெட்ட ஆடாசிட்டியும், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் போதுமானவை. கணினி இல்லாதவர்களுக்கு போனிலேயே கைன்மாஸ்டர் இருக்கிறது.

பேட்டியில் "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பதோடு முடிந்துவிடும். "இந்த ரெண்டு மாசம் வீட்டுச் செலவுக்கு என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது அதைவிட முக்கியம். பதிவு செய்யும்போது நம் "ஆமாமா", "ஓ, அப்படியா" எல்லாம் குறுக்கே விழுந்து, அவர் சொன்ன நல்ல வாக்கியத்தைப் பாழாக்கும். தலையை ஆட்டினால் போதும்.

அவர் பேசியதை எழுத்தில் எப்படிப் போடுவது என்பதும் தமிழில் ஒரு தனிச் சிக்கல். வட சென்னைக்காரர் பேசியதை "நாங்கள் மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகிறோம்" என்று மாற்றினால் அது அவர் பேச்சே இல்லை. வேண்டுமென்றே கொச்சையைக் கூட்டி, சினிமா காமெடி மாதிரி எழுதுவதும் அவமரியாதை. அவர் சொன்ன சொற்களை அப்படியே வைத்து, ஒலிப்பில் மட்டும் படிக்கத் தடுக்கும் இடங்களைச் சற்றுச் சரிசெய்தால் போதும் என்பேன். மற்றதை ஒலிப்பதிவு பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தானே அதையும் சேர்த்துப் போடுகிறோம்.

பதிவைத் தயார் செய்வது

முதல் பத்தியிலேயே என்ன, எங்கே, எப்போது, யார் என்பது வந்துவிட வேண்டும். 'அதிர்ச்சி', 'வெளியான ரகசியம்' போன்ற சொற்களைத் தலைப்பில் போட்டால் ஒரு தடவை வருவார்கள், மறு தடவை வர மாட்டார்கள்.

பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரியில் தலைப்பு வராது. 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப் பெயரும் ஓர் எண்ணும்தான் நிற்கும். வேர்ட்பிரஸ்ஸில் வேறு கூத்து. தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவிகிதக் குறிகள் நிறைந்த மூன்று வரி வால் வரும், பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயந்துவிடுவார். இரண்டுக்கும் ஒரே தீர்வுதான். வெளியிடுவதற்கு முன்பே நிரந்தர இணைப்புப் பகுதிக்குப் போய், காசிமேடு தடைக்காலம் என்பதை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக அடித்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடைந்துபோகலாம்.

போனில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 4, 5 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் வேகம் குறைந்த இணைப்பில் பக்கம் திறக்கவே திறக்காது. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் சில நூறு கேபியில் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. வீடியோவை யூடியூபில் ஏற்றி, அங்கிருந்து பதிவுக்குள் பொதித்துக்கொள்ளலாம். வசன வரிகள் கட்டாயம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போகிறவர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். படத்துக்கு மாற்று உரை எழுதும் பெட்டியையும் காலியாக விடாதீர்கள். பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவது அதைத்தான்.

சரிபார்த்தல், சட்டம்

2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி நகருக்குள் வந்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. பண்ணையே அதை மறுக்க வேண்டியிருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் விஷயம். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எங்கே, எப்போது எடுத்தது என்ற உள்விவரம் அழிந்திருக்கும். கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால், பல நேரம் அது வேறு ஊரின், வேறு வருடத்தின் படம் என்று தெரிந்துவிடும்.

கூகுளில் தேடிக் கிடைத்த படம் பொதுச் சொத்து இல்லை. இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் உள்ள படங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் உரிமத்தில் கேட்டிருந்தால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டினால் யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டதால் இணையத்தில் எதையும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கிறது, 2024 ஜூலை 1 முதல் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 ஆவது பிரிவு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும். பெயரை மறைத்துவிட்டுப் பள்ளியையும் தெருவையும் எழுதினாலும் அடையாளம் காட்டியதாகத்தான் ஆகும்.

எங்கே கற்பது

தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. அங்கே போக முடியாதவர்களுக்கு இணையத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள நைட் மையம் உலகம் முழுவதிலிருந்தும் சேரக்கூடிய இலவசப் படிப்புகளை நடத்துகிறது. கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவில் கருவிகளைப் பற்றிய சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன. நாலைந்து படிப்பில் ஒரே சமயத்தில் சேராதீர்கள். ஒலி பற்றிப் படித்தால் அந்த வாரமே ஓர் ஒலிப்பதிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

வருமானம் பற்றிக் கேட்பீர்கள். தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை நம்பி வேலையை விட்டுவிட வேண்டாம்.

கடைசியாகப் பராமரிப்பு. தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள், எதை எந்தத் தேதியில் திருத்தினோம் என்று பதிவின் கீழே ஒரு வரி போடுங்கள். பிளாக்கர் அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் பொத்தான் உண்டு, மாதம் ஒரு முறை அழுத்துங்கள். இலவசத் தளங்கள் ஒருநாள் மூடப்படலாம். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டபோது அதிலிருந்த பல பக்கங்கள் காணாமலே போயின. வெட்டாத ஒலிப்பதிவுகளையும் அசல் படங்களையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, இடம், பேசியவர் மூன்றும் இருக்கட்டும். போன் தானாக வைக்கும் எண்ணை அப்படியே விட்டால், அடுத்த ஏப்ரலில் காசிமேட்டுப் படத்தைத் தேடும்போது ஐயாயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.